நெருக்கடி வந்தால் ஒழுக்கத்தைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணி பக்கம் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரையும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவை ஒப்பித்துவிடுவார்கள். சபைகூடலில் வலக்கையை உயர்த்திக்கொண்டு வருடக்கணக்கில் சொன்னது, மறக்குமா? அது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால்தான் தடுமாற்றம். என்னிடம் டியூஷனுக்கு வரும் படிவம் நான்கு பிள்ளைகளைக் கேட்டேன். "மோரல் பாடத்துக்கு சார்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் பதில் தெரியவில்லை.

1969 மே 10-ஆம் தேதி பொதுத்தேர்தல். மூன்று நாள் கழித்து, மே 13, கோலாலம்பூரில் இனக்கலவரம். அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் இறந்தார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. மாகெரான் என்று சொல்வோமே, அதுதான். நாடாளுமன்றம் மறுபடி கூட 1971 பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்கு முன்பாக, 1970 ஆகஸ்ட் 31 சுதந்திர தினத்தன்று, ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது.

கலவரம் நடந்த நாட்டில் ஆட்சியாளர்கள் போலீசைக் கூட்டலாம், சட்டத்தை இறுக்கலாம், பொருளாதாரத் திட்டம் போடலாம். மூன்றையுமே செய்தார்கள். அதோடு நிற்காமல் ஓர் உறுதிமொழியையும் எழுதினார்கள். இறைவன் மீது நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்புச் சட்டம், சட்டமுறைப்படி ஆட்சி என்று போய், ஐந்தாவதாக நன்னடத்தையும் ஒழுக்கமும். ஊர் பற்றி எரிந்து அணைந்த பிறகு 'பண்போடு நடந்துகொள்' என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

இதற்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. சட்டப் புத்தகம் இருப்பதால் மட்டும் ஓர் அரசு நின்றுவிடாது. ஆளுகிறவர்களும் குடிமக்களும் ஓரளவு நேர்மையாகவும் அடக்கமாகவும் நடந்துகொண்டால்தான் சட்டம் எடுபடும். ஆகவே நாடு குலைந்து போனால், முதலில் நடத்தையைச் சரிசெய். மற்றது அதன் மேல்தான் நிற்கும். ஒழுக்கச் சீர்திருத்தம் அரசியல் ஒழுங்குக்கு அடிப்படை என்று பெரிய வார்த்தையில் சொல்வது இவ்வளவுதான்.

சாதாரண நாளில் இது கண்ணில் படாது. நள்ளிரவில் எதிரே ஒரு வண்டியும் இல்லாதபோதும் சிவப்பு விளக்கில் நிற்கிறோம் (சரி, பாதிப் பேர் நிற்கிறோம்). காப்பிக்கடையில் குடித்து முடித்துவிட்டு, முதலாளி பார்க்காவிட்டாலும் காசைக் கொடுத்துவிட்டுத்தான் எழுகிறோம். ஆளுக்கொரு போலீஸ் போட எந்த நாட்டாலும் முடியாது. பெரும்பாலோர் தானாகவே ஒழுங்காக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் போலீசும் நீதிமன்றமும் ஓடுகின்றன. நெருக்கடியில் அந்த நம்பிக்கை போய்விடும். பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்வானோ என்ற பயம் வந்தபின் எந்தச் சட்டப் பிரிவைக் காட்டி ஒருவரைத் தூங்க வைக்க முடியும்?

தோட்டத்துக் கோயில் கமிட்டியை எடுத்துக்கொண்டால் இன்னும் புரியும். போன வருடத் திருவிழாக் கணக்கு வரவில்லை, நன்கொடைப் புத்தகம் ஒன்றைக் காணோம், ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலி பறக்கிறது. உடனே ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், "ஆளு சரியில்லப்பா, நல்லவனாப் பார்த்து உட்கார வை" என்னும். மறுபக்கம், "எவன் வந்தாலும் இதே கதைதான், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பேங்கிலிருந்து பணம் எடுக்கக்கூடாதுன்னு விதியை மாத்து" என்னும். முதல் கட்சி பேசுவது ஒழுக்கச் சீர்திருத்தம். இரண்டாவது கட்சி பேசுவது அமைப்புச் சீர்திருத்தம். அரசியல் சிந்தனையில் இரண்டாயிரம் வருடமாக நடக்கும் சண்டையும் ஏறக்குறைய இதேதான். நாற்காலி மட்டும் பறப்பதில்லை.

முதல் கட்சிக்குப் பெரிய பரம்பரை உண்டு. சீனத்தில் கன்பூசியஸ் வழி வந்தவர்கள், ஆளுகிறவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும், அப்புறம் குடும்பம், அப்புறம் நாடு என்று படி வரிசை போட்டார்கள். காந்தியும் ஒரு வகையில் இந்தக் கட்சிதான். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்திப் போலீஸ்காரர்கள் மாண்டபோது, உச்சத்தில் இருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். மக்கள் இன்னும் தயாராகவில்லை என்பது அவர் வாதம். கூட இருந்த தலைவர்கள் பலருக்கு அதில் கடுங்கோபம்.

இரண்டாவது கட்சிக்கு ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1795-இல் சொன்னதை விட நல்ல வக்கீல் கிடையாது. பேய்களின் கூட்டமாகவே இருந்தாலும், அவற்றுக்குப் புத்தி மட்டும் இருந்தால், ஒன்றையொன்று அடக்கிவைக்கும் சட்ட அமைப்பைச் செய்து ஒரு நாட்டை நடத்திவிடலாம் என்றார். நல்லவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதே என்பது அதன் பொருள்.

என் பார்வையில், நெருக்கடி நேரத்தில் 'எல்லோரும் திருந்துங்கள்' என்று ஒருவர் சொல்லும்போது, திருந்துவது நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. நல்லதுதான், யார் மறுப்பது? யார் யாரைத் திருந்தச் சொல்கிறார், சொல்கிறவர் தன் பங்குக்கு எதை விடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

மேலிருந்து வந்த திருத்தங்களின் கதை பெரும்பாலும் சிரிப்பில் முடிகிறது, சில சமயம் அழுகையில். ரோமாபுரியில் நீண்ட உள்நாட்டுப் போர்களுக்குப் பிறகு பதவிக்கு வந்த அகஸ்டஸ், நாட்டைச் சீரழித்தது குடும்ப ஒழுக்கக் கேடு என்று முடிவு கட்டி, கிறிஸ்துவுக்கு முன் 18-இல் திருமணச் சட்டங்கள் கொண்டுவந்தார். கல்யாணம் செய்யாதவனுக்குத் தண்டம், பிள்ளை பெற்றவனுக்குச் சலுகை. பதினாறு வருடம் கழித்து ஒழுக்கக் கேட்டுக்காக அவர் நாடு கடத்தியது சொந்த மகள் ஜூலியாவை. கிறிஸ்துவுக்குப் பின் 9-இல் அதே சட்டம் திருத்தப்பட்டபோது அதற்குத் தங்கள் பெயரைத் தந்த இரண்டு கான்சல்களும் கல்யாணமே ஆகாதவர்கள். ரோமானிய வரலாற்றை எழுதிய காசியஸ் டியோவே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

1934 பிப்ரவரியில் சீனாவின் நான்சாங் நகரில் சியாங் கை ஷேக் 'புதுவாழ்வு இயக்கம்' தொடங்கினார். உள்நாட்டில் கம்யூனிஸ்டுகளோடு போர், மஞ்சூரியாவில் ஜப்பான்காரன். மரியாதை, நியாயம், நேர்மை, வெட்கம் என்ற நான்கு பழைய பண்புகளை எடுத்து, சட்டைப் பொத்தானைப் போடு, தெருவில் துப்பாதே, நேரத்துக்கு வா என்று அன்றாட விதிகளாக இறக்கிவிட்டார்கள். துப்பாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் குத்தகை கட்ட முடியாத விவசாயிக்குச் சட்டைப் பொத்தானால் என்ன பயன்? நிலத்தைப் பற்றி இயக்கம் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருடத்தில் அந்த ஆட்சி தைவானுக்கு ஓடியது. பொத்தான் போடாததால் அல்ல.

1940-இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சில் பெத்தான் ஆட்சி 'உழைப்பு, குடும்பம், தாய்நாடு' என்று கோஷம் வைத்ததும் இதே வகைதான். தளபதிகள் தோற்றார்கள், பழி மக்களின் சொகுசு வாழ்க்கை மேல் விழுந்தது.

இதெல்லாம் தூரத்துக் கதை. இந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிக நல்ல பாடம் பீடோங்கிலேயே இருக்கிறது. ஹார்வர்ட் தோட்டம் என்றால் இன்று பலருக்குக் கோல்ப் மைதானம்தான் ஞாபகம் வரும். தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர்படை தொடங்கிய இடம் அது.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது செப்டம்பரில். இடையில் இருந்த வாரங்களில் யார் அரசாங்கம் என்று யாருக்கும் தெரியாது. கெடாவுக்குக் கூடுதல் குழப்பம்: 1943-இல் ஜப்பான் இந்த மாநிலத்தைச் சயாமிடம் கொடுத்திருந்தது. நான்கு வருடத்துக்குள் பிரிட்டிஷ், ஜப்பான், சயாம், மறுபடி பிரிட்டிஷ். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. ஜப்பான்காரனின் வாழைமர நோட்டு வெறும் தாளாகிவிட்டது. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஆண்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆறுதல் என்று கிடைத்தது கள்.

கள்ளுக்கடை எங்கே இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. அது தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தது. உரிமம் தந்தது அரசாங்கம், நடந்தது தோட்ட நிர்வாகத்தின் கண்பார்வையில். காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் கொடுத்து, ரப்பர் மரத்தைச் சீவி, பால் எடுத்து வாங்கும் கூலியில் ஒரு பகுதி அதே தோட்டத்துக்குள் இருக்கும் கடைக்கே திரும்பிப் போகும். வீட்டுப் பெண்களுக்கு மதுவிலக்கு என்பது கொள்கை அல்ல. சம்பள நாள் சாயங்காலம் புருஷன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்பதுதான் அவர்கள் கவலை.

ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிய தொண்டர்படை, கள் குடிக்காதே என்றுதான் ஆரம்பித்தது. இளைஞர்கள் பட்டாளத்துப் பாணியில் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. வரிசையில் நிமிர்ந்து நிற்பதே அவர்களுக்கு ஒரு மரியாதை. கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், குடித்தவர்களைத் தடுத்தார்கள். மிரட்டலும் கைவைப்பும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோட்டம் தோட்டமாக இயக்கம் பரவியது.

குடிக்காதே என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்லும் வரை துரையும் (தோட்ட நிர்வாகி) கிராணியும் (எழுத்தர்) தலையாட்டுவார்கள். 'நல்ல காரியம்' என்பார்கள். கடையை மூடு என்ற இடத்தில்தான் விஷயம் மாறியது. கடை யாருடையது, உரிமம் யார் தந்தது, வருமானம் எங்கே போகிறது என்ற கேள்விகள் தானாக வந்தன. அரசியலுக்குப் போகலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டு அவர்கள் போகவில்லை. சொந்தக் குடியை நிறுத்தப் போனவர்கள் அதிகாரத்தின் வாசலில் போய் முட்டிக்கொண்டார்கள். அதே ஆட்கள் கெடா ரப்பர் தொழிலாளர் சங்கங்களிலும் முன்னால் நின்றார்கள். குடிக்காதவன் கூட்டத்துக்கு வருவான். கூலியை எண்ணிப் பார்ப்பான்.

1947 பிப்ரவரி கடைசியில் பீடோங் கள்ளுக்கடை மறியலைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. ஒரு தொழிலாளியின் உயிர் போயிற்று. சில நாளில் குலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச்சூடு. சாமி கைதானார். அரசாங்கத்தின் கண்ணில் தொண்டர்படை என்பது சட்டத்தைத் தன் கையில் எடுத்த கூட்டம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் போருக்குப் பின்னான குழப்பத்தில் லயத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டால், அதற்கும் அவர்களைத்தான் காட்ட வேண்டும்.

இதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைப் பட்டியலில், சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும் என்பதும் இருந்தது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சைக்கிள் விஷயம்தான் நம்ப முடியாததாக இருந்தது. தன்னைத் திருத்திக்கொள்வதும் தலைநிமிர்ந்து போவதும் அந்தத் தொழிலாளிகளுக்கு ஒரே காரியமாகத் தெரிந்திருக்கின்றன. அந்தப் போராட்டமும் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இப்போது 1970-க்கு வருவோம். ருக்குன் நெகாராவைக் குறை சொல்வது சுலபம்; நான் அந்தப் பக்கம் முழுசாகப் போகமாட்டேன். அதன் முன்னுரையைப் படித்தால் தெரியும். மக்களிடையே ஒற்றுமை, ஜனநாயக வாழ்க்கை முறை, நாட்டின் செல்வத்தை நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் சமுதாயம், பலவகைப் பண்பாடுகளுக்கும் இடம் தரும் பரந்த மனம், அறிவியலில் முன்னேற்றம் என்று நாடு தனக்குத் தானே வைத்த ஐந்து இலட்சியங்கள் அங்கே இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் 'ஆகவே மலேசிய மக்களாகிய நாங்கள்' என்று உறுதிமொழி வருகிறது. அதாவது ஒரு பக்கம் நாட்டின் வாக்கு, மறுபக்கம் குடிமகனின் வாக்கு. சபைகூடலில் பெரும்பாலும் 'ஆகவே'யிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குடிமகன் கொடுத்த வாக்கு மட்டும் வாரா வாரம் ஒலிக்கிறது. ருக்குன் நெகாரா சட்டமும் அல்ல. முன்னுரையைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாது.

இரண்டாவது கோட்பாடு பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம். அது எழுதப்பட்ட அதே காலத்தில்தான் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்க இங்கே பால்மரம் வெட்டிய, ஆனால் சரியான நேரத்தில் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பாத, அல்லது நிரப்பச் சொல்லித்தர ஆளில்லாத தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். விசுவாசத்துக்கு அவர்களிடம் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. தாள்தான் இல்லை. ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், யார் குடிமகன் என்று தீர்மானிப்பது கவுண்டரில் இருக்கும் பாரம்தான். காண்ட் கட்சி இங்கே ஒரு புள்ளி எடுக்கிறது.

இன்னொரு புள்ளியும் எடுக்கிறது. 1982-இல் மகாதீர் அரசாங்கம் 'பெர்சே, செக்காப், அமானா' என்று இயக்கம் நடத்தியது. தூய்மை, திறமை, நாணயம். அரசு ஊழியர்கள் நெஞ்சில் பெயர்ப் பட்டை குத்தி, வேலைக்கு வரும் நேரத்தை அட்டையில் பதிந்தார்கள். கிராணி பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். கோடிக்கணக்கில் போகும் பணத்தைக் காட்டிக்கொடுக்க அப்படி ஓர் அட்டை இல்லை. பிற்காலத்தில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பண விவகாரம் வெடித்தபோது, அதை ஒரு தீர்ப்பு வரை கொண்டுபோனது பத்திரிகை, விசாரணை, 2018 வாக்குப் பெட்டி, நீதிமன்றம் ஆகியவைதான். ஒரு முன்னாள் பிரதமர் 2022 ஆகஸ்ட்டில் சிறைக்குப் போனார்.

அப்படியானால் ஒழுக்கம் தேவையில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. விசாரணையை மூடச் சொல்லி மேலிருந்து குரல் வரும்போது மூடாமல் இருக்கும் அதிகாரி வேண்டும். எந்த விதியும் ஆளை அப்படி ஆக்காது. கோயில் கமிட்டியிலும் இரண்டு கையெழுத்து விதி போட்டுவிட்டு, அந்த இரண்டு பேரும் மச்சான் முறை என்றால் என்ன ஆகும்?

ஒழுக்கச் சீர்திருத்தம் அரசியலுக்கு உண்மையில் பலம் தந்த இடங்களைப் பார்த்தால், அங்கே மனிதர்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை வைத்து மேலே இருந்தவர்களிடம் கேள்வி கேட்டார்கள். தொண்டர்படை அதைச் செய்தது, குறைகளோடு. அகஸ்டஸும் சியாங் கை ஷேக்கும் செய்தது தலைகீழ்: கேள்வி கேட்க வேண்டியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

இன்று தோட்டங்கள் துண்டாகி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துக் குடும்பங்கள் டவுன் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) மலிவு விலை வீடுகளிலும் இருக்கின்றன. கள்ளுக்குப் பதில் சம்சு என்ற மலிவுச் சாராயம். தேர்தல் நேரத்தில் செராமா (பிரசாரக் கூட்டம்) மேடை ஏறுகிறவர்கள், நம் பிரச்சினைக்குக் காரணம் குடியும் குண்டர் கும்பலும் கட்டுப்பாடில்லாத பிள்ளைகளும்தான் என்று நம்மிடமே சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறார்கள். நாமும் தட்டுகிறோம்; அதில் உண்மை இருப்பதால்தான் தட்டுகிறோம். அடுத்த முறை தட்டி முடித்ததும் யாராவது எழுந்து, தாமான் முனையில் காலையிலேயே சம்சு விற்கும் கடைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று மேடையைப் பார்த்துக் கேட்கலாம்.